தகட்டின் உடைமையாளனும் வாத்தியக் கலைஞனும்

பிரித்தானிய இரவு விடுதிகளிற் பதிவிசையை ஒலிக்கச் செய்வதற்கு இருவகை உரிமைகளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒன்று பாட்டை இயற்றியோர்க்கு உரியது. மற்றையது இசைப்பதிவுக்கு உரியது. 2018 முதல் இரண்டும் ஒரே உரிமத்தில் அடங்குகின்றன. எனினும் இரண்டாவதன் பிறப்பு தனியே ஆராயத்தக்கது.

பிறிஸ்ரல் நகர்த் தேநீர்ச்சாலையொன்றில் இசைத்தட்டு இயக்கப்பட்டமை பற்றி கிராமபோன் கம்பனி தொடுத்த வழக்கு 1934ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றுள்ளது. தட்டில் இருந்தது பிரெஞ்சு இசையமைப்பாளர் ஓபரின் முகப்பிசை. 1871இல் மறைந்த அவரது ஆக்கம் பொதுச் சொத்தாகிவிட்டிருந்தது. வாசித்தோரோ கூலி பெற்றுச் சென்ற கலைஞர்கள். வென்றது கம்பனியே. ஏனெனில் 1911ஆம் ஆண்டுச் சட்டம் மூலத்தகட்டின் உடைமையாளனையே ஆக்கியோனாகக் கொண்டது. உடைமையாளன் ஆக்கியோனாகும் இவ்விந்தை சட்டமொழியின் தடுமாற்றமன்று; உற்பத்திச் சாதனத்தை உடையவனே படைப்பாளி என்னும் நோக்கின் ஒளிவுமறைவற்ற கூற்றாகும். அவ்வாண்டிலேயே ஈ.எம்.ஐ., டெக்கா ஆகிய கம்பனிகள் கட்டணம் அறவிடும் பி.பி.எல். அமைப்பைத் தோற்றுவித்தன. கலைஞர்க்கு வழங்கப்பட்ட பங்கு நெடுங்காலம் கொடையாகவே இருந்தது. 1996 டிசெம்பரிலேயே அது சட்டவுரிமையாயிற்று.

இதனாற் கட்டணமே ஏகபோகத்தின் சுரண்டல் எனக் கூறி விடுதி முதலாளியின் பக்கம் சாய்வது முற்போக்காகாது. மதுவும் நுழைவுச்சீட்டும் விலைபோவது இசையாலன்றோ? மேடையில் ஐவர் வாசித்த இடத்தில் ஒரு தட்டை வைத்து, ஐவரின் கூலியையும் மிச்சப்படுத்தியவர் அவர்.

எமது ஐயம் வேறு. உரிமம் பெறாத விடுதிக்குள் பரிசோதகர் சென்று, ஒலித்த பதிவுகளைப் பெயர் பெயராகக் குறித்துக்கொள்கிறார். அக்குறிப்பே உயர் நீதிமன்றத்திற் சான்றாகின்றது. தடையாணையை மீறுவோர்க்கு நீதிமன்ற அவமதிப்பின் பேரில் சிறைத்தண்டனையும் கிட்டலாம். குற்றத்தை நிறுவுகையில் இத்துணை நுட்பம்! அறவிட்ட பணத்தைப் பங்கிடுகையிலோ, பல இடங்களில் ஒலித்தவை இவையெனத் தெரியாமையால், வானொலி ஒலிபரப்பு முதலியன அளவுகோலாகின்றன. வானொலி தீண்டாத பதிவுகளே நள்ளிரவில் ஆடுகளத்தை நிறைக்கும் விடுதிகள் பல. அவற்றின் கட்டணம் அப்பதிவுகளில் வாசித்தவரை விட்டு, ஏற்கெனவே புகழ்பெற்றோரைச் சென்றடைய இடமுண்டு. ஒலிப்பதை இனங்காணும் கருவிகள் சில விடுதிகளிற் பொருத்தப்பட்டுள்ளன. பரிசோதகரை விடுதிகளுக்கு அனுப்ப இயலுமாயின், அக்கருவி சிலவற்றோடு நின்றமைக்குத் தொழில்நுட்பக் காரணம் கூறுவது பொருந்துமா?