மூச்சே துடுப்பு

மெய்நிகர் உலகம் என்றதும் கையில் ஒரு விசைக்கருவியும் விரலுக்கடியில் பொத்தான்களும்தான் நினைவுக்கு வரும். கனடாவின் கலைஞர் சார் டேவிஸ் 1995-இல் படைத்த 'ஆஸ்மோஸ்' என்ற மெய்நிகர் உலகமோ கைகளுக்கு வேலையே வைக்கவில்லை. தலையில் காட்சிக்கவசம், மார்பைச் சுற்றி மூச்சை அளக்கும் கச்சை. மூச்சை இழுத்தால் மேலே எழலாம், விட்டால் கீழே இறங்கலாம். உடல் சாயும் பக்கம் பயணம்.

டேவிஸுக்கு ஆழ்கடலில் மூழ்கும் பழக்கம் உண்டு. நுரையீரல் நிறைந்தால் நீருக்குள் உடல் மெல்ல எழும், காற்றை விட்டால் தாழும். அங்கே கற்றதைத்தான் இங்கே கொண்டுவந்தார். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே: பிறந்த கணத்திலிருந்து நாம் செய்துவருவதே போதும், புதிதாகப் பழக எதுவுமில்லை.

கவசத்துக்குள் முதலில் தெரிவது கட்டக்கோடுகளாலான வெட்டவெளி. பிறகு ஒரு தனி மரம், குளம், இலையின் உட்புறம், மண்ணுக்கடியில் வேர்கள். எதற்கும் கெட்டியான விளிம்பு கிடையாது. ஒளிவடிவங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவுகின்றன. டேவிஸுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் அவர் காணும் உலகம் இப்படித்தான் கரையும்.

பதற்றத்தில் மூச்சு குறுகும். அதை இந்த உலகம் அப்படியே காட்டிவிடும். மெதுவாகச் சுவாசித்தால்தான் மிதக்க முடியும். சுமார் 15 நிமிடம் கழித்துக் கவசத்தைக் கழற்றியவர்களில் சிலர் அழுதிருக்கிறார்கள்.

வெளியே இருட்டறையில் அமர்ந்திருந்தவர்கள் திரையில் கண்டது கவசம் அணிந்தவரின் நிழலுருவத்தை: மூச்சிழுத்து நிமிர்ந்து, மெல்லச் சாய்ந்து, மறுபடி தாழும் ஒரு மனித உடல்.