டொரதியின் வீடு: ஒஸ் கதைகள் பற்றிய ஒரு நோக்கு

நமது நாட்டார் கதைகளில் ஏழு கடலும் ஏழு மலையும் தாண்டிச் செல்பவன் பெரும்பாலும் அரசகுமாரனே. அரசகுமாரியோ சிறையிருந்து மீட்புக்காகக் காத்திருப்பாள். இம்மரபிற் பயின்ற வாசகனுக்கு டொரதி என்னும் சிறுமி வியப்பளிப்பவள். அமெரிக்க எழுத்தாளர் எல். பிராங்க் போம் (1856–1919) 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஒஸ் நாட்டின் அற்புத மந்திரவாதி' என்ற நூலில் அவள் முதன்முதலாகத் தோன்றினாள். போம் எழுதிய ஒஸ் நாவல்கள் பதினான்கு. அவற்றுள் இறுதியானது அவர் மறைவின் பின் 1920இல் வெளிவந்தது. இவ்வரிசையின் பெரும்பாலான நூல்களில் டொரதி இடம்பெறுகிறாள். அவளை மீட்க எவரும் வருவதில்லை. வைக்கோற் பொம்மையையும் தகர மனிதனையும் கோழைச் சிங்கத்தையும் வழியில் மீட்டுத் துணையாக்கிக் கொள்பவள் அவளே. அவள் தேடுவது அரியணையுமன்று, புதையலுமன்று. அவள் தேடுவது தன் வீடு.

அவ்வீடு எத்தகையது என்பதைப் போம் மறைக்கவில்லை. கான்சாஸ் சமவெளியின் நடுவே நான்கு சுவரும் ஒரு கூரையும் கொண்ட ஒற்றை அறையே அது. சுற்றிலும் நிலம் வெந்து சாம்பல் நிறமாய்க் கிடக்கிறது. வெயிலும் காற்றும் மாமி எம்மின் கண்ணொளியையும் கன்னத்துச் செம்மையையும் உண்டு விட்டன. மாமா ஹென்றி சிரிப்பறியாத உழைப்பாளி. பெற்றோரை இழந்த டொரதி இவர்களின் வளர்ப்புப் பிள்ளை. இதற்கு நேர்மாறாக, சூறாவளி அவளைக் கொண்டு சேர்க்கும் ஒஸ் நாடு நிறமும் நீரும் நிறைந்தது. அத்தகைய நாட்டை விட்டு இந்தச் சாம்பல் நிலத்துக்கு ஒருத்தி ஏன் திரும்ப விரும்ப வேண்டும் என்பதே இக்கதையின் மையவினா.

1939ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற திரைப்படம் இவ்வினாவுக்கு எளியதொரு விடையைத் தந்தது. அதில் ஒஸ் வெறும் கனவு. டொரதி விழித்தெழுந்து, உள்ளதைக் கொண்டு நிறைவடைவதே நன்றென்று கற்றுக் கொள்கிறாள். அவளுடைய பயணம் ஒரு நீதிபோதனையாகச் சுருங்கி விடுகிறது. நூலிலோ ஒஸ் கனவன்று. டொரதி திரும்பி வருகையில், காற்று கொண்டுபோன பழைய வீட்டுக்குப் பதிலாக மாமா புதிய வீடொன்றைக் கட்டியிருப்பதைக் காண்கிறாள். வீடு உண்மையாகவே போயிற்று, பயணமும் உண்மையாகவே நிகழ்ந்தது என்பதற்கு இச்சிறு செய்தியே சான்று.

மையவினாவுக்கான விடை நூலின் இறுதிப்பகுதியில், நல்ல மந்திரக்காரியிடம் டொரதி விடைபெறும் இடத்தில் அமைந்துள்ளது. தான் இறந்துவிட்டதாக மாமி எண்ணித் துக்க உடை தைக்க நேரும் என்றும், விளைச்சல் நன்றாக இல்லாவிடில் மாமாவுக்கு அந்தச் செலவு கட்டாது என்றும் அவள் கவலைப்படுகிறாள். அன்பும் வறுமையும் பிரிக்கவியலாதபடி பிணைந்த ஒரு குழந்தையின் கணக்கு இது. மண்ணின் மாண்பு பற்றி இங்கு ஒரு சொல்லும் இல்லை. தனக்காக அழக்கூடியவர்கள் இருக்கும் இடமே அவளுக்கு வீடு.

இவ்வாறு நோக்குமிடத்து, 1910இல் வெளிவந்த ஆறாம் நூலான 'ஒஸ் நாட்டின் மரகத நகரம்' புதிய பொருள் பெறுகிறது. சூறாவளியின் பின் வீடு கட்ட மாமா ஹென்றி நிலத்தை ஈடு வைத்துக் கடன்பட்டிருக்கிறார். கடனைத் தீர்க்க இயலாத நிலையில் வங்கி நிலத்தை எடுத்துக்கொள்ள இருக்கிறது. முதல் நூலின் இறுதியில் நம்பிக்கையின் அடையாளமாக நின்ற புதிய வீடே இங்கு கடன்சுமையாகத் திரும்பி வருகிறது. டொரதி ஒஸ் நாட்டு அரசி ஒஸ்மாவிடம் வேண்டிக்கொண்டு, மாமாவையும் மாமியையும் அங்கேயே அழைத்துச் சென்று நிலையாகக் குடியமர்கிறாள். வீடு திரும்பத் துடித்தவள் வீட்டைக் கைவிட்டாள், இது முரண்பாடன்றோ எனக் கேட்கலாம். ஆயின் அவள் கைவிட்டது நிலத்தை, மனிதரையன்று. முதல் நூலில் அவர்கள்பொருட்டுத் திரும்பினாள், ஆறாம் நூலில் அவர்களோடு புறப்பட்டாள். இரண்டும் ஒரே நேர்மையின் இரு முகங்கள்.

டொரதியின் இந்த நேர்மை கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் வாசகனுக்குப் பிறிதொரு வகையிலும் பொருள்படும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய லூல்கந்துரை இந்த மாவட்டத்திலேயே உள்ளது. கலஹாவிலும் ஹந்தானையிலும் ஒற்றை அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்த லயக் காம்பராக்களை அறிந்தவர்க்குக் கான்சாஸ் வீடு தொலைவிலுள்ளதன்று. அங்கு வாழ்ந்தவர்களை நோக்கி, உங்கள் வீடு எது என்ற வினாவை அரசுகள் எழுப்பின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் வாயிலில் கடவுச்சீட்டுக்காகக் காத்துநின்று, தலைமன்னார் வரை புகைவண்டியிலும் அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலிலும் சென்றவர்களுட் பலர் இம்மலைகளிலேயே பிறந்தவர்கள். தாம் ஒருநாளும் கண்டிராத ஊருக்குச் சென்ற அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் சூட்டப்பட்டது. ஒரே குடும்பத்துட் சிலர் இக்கரையிலும் சிலர் அக்கரையிலுமாகப் பிரிந்தனர். சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' எனத் தலைப்பிட்டது தற்செயலன்று.

டொரதியின் வெள்ளிக் காலணிகளின் சிறப்பு இங்கேதான் புலனாகிறது. ஒஸ் நாட்டை அடைந்த முதல் நாளிலேயே அவை அவள் கைக்கு வந்துவிட்டன. எங்கு செல்வதென முடிவுசெய்யும் ஆற்றல் அதுமுதல் அவளிடமே இருந்தது. அவளை ஊருக்கு அனுப்புவதாக வாக்களித்த பெரிய மந்திரவாதியோ வெறும் ஏமாற்றுக்காரன். அவனது காற்றுக்கூடும் அவளை விட்டுவிட்டே பறந்து போயிற்று. அனுப்பப்படுதல் வேறு, செல்லுதல் வேறு. ஒப்பந்தம் மனிதரை அனுப்பியது, டொரதி தானே சென்றாள். வீட்டைத் தீர்மானிக்கும் உரிமை அதில் வாழ்பவர்க்கே உரியது என்பதை இக்கதை குழந்தைக்கும் விளங்கும் மொழியில் கூறுகிறது.

எனினும் போமின் குறைபாடுகளை மறைத்தல் திறனாய்வாகாது. நிலத்தை வங்கி எடுத்துக்கொள்ளும் நிலைமை ஏன் தோன்றிற்று என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. கடனுக்கு விடையாக மாயத்தையே தருகிறார். மாமாவும் மாமியும் அரண்மனையில் சோம்பியிருக்க இயலாது வேலை கேட்கும் பகுதி மட்டுமே உழைப்பாளரின் உள்ளத்தை உண்மையாகத் தொடுகிறது. இதனினும் கடுமையானது பிறிதொன்று. ஒஸ் கதைகளை எழுதுமுன் டகோட்டாவில் செய்தித்தாள் நடத்திய போம், 1890 டிசம்பரிலும் 1891 ஜனவரியிலும் எழுதிய ஆசிரிய உரைகளில் அமெரிக்கப் பழங்குடியினரை அழித்தொழிக்க வேண்டுமென வாதிட்டார். அச்சமவெளியின் ஆதிக்குடிகளுக்கு டொரதியின் கான்சாஸில் இடமே இல்லை. ஒரு சிறுமியின் வீட்டை இத்துணைப் பரிவோடு எழுதிய கை, பிறர் வீடுகளை இழந்ததைக் காண மறுத்தது. கண்டிப் பிரதேசத்திலும் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டத்தினால் கிராமத்தவர் பலர் நிலமிழந்த பின்னரே தோட்டங்கள் பெருகின. நிலமிழந்த கிராமத்தவனும் அதே மலையில் லயத்தில் வாழ்ந்த தொழிலாளியும் ஒருவரையொருவர் அயலவராக எண்ணும்படி செய்யப்பட்டமை இவ்வரலாற்றின் பெருந்துயர்.

படைப்பாளியின் குருட்டுத்தன்மை பாத்திரத்தின் தெளிவை அழித்துவிடுவதில்லை. ஆனால் அத்தெளிவை அவர் நிறுத்திய எல்லைக்கு அப்பாலும் கொண்டுசெல்வது வாசகனின் கடமையாகிறது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைச் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் முடிவுகட்டியது. காணியும் வீடும் பற்றிய வினா அத்துடன் முடிந்துவிடவில்லை. சாம்பல் நிற ஒற்றை அறையைத் தன் வீடென்று துணிந்து சொன்ன டொரதி, அங்கு நிலைக்க முடியாதபோது தன் மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு வேறிடம் சென்றவளுமாவாள். தமிழில் எழுதப்படும் சிறுவர் கதைகளில் தன் வீட்டைத் தானே தேர்ந்துகொள்ளும் அத்தகைய சிறுமி லயத்து வாயிலிலிருந்தும் புறப்பட வேண்டும்.