காப்பி பூக்கும் இரண்டு நாள்

போடிநாயக்கனூர் என்றால் ஏலக்காய் மணம். அந்த ஊருக்கு மேலே, குரங்கணி, கொட்டகுடி, அகமலைச் சரிவுகளில், ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் இன்னொரு மணம் வரும். காப்பிப் பூவின் மணம். டம்ளர் டம்ளராகக் காப்பி குடிக்கும் நம்மில் பெரும்பாலோர் அந்தப் பூவைக் கண்ணால் பார்த்ததில்லை. பெரிய இழப்பு அது.

பார்க்க வேண்டுமானால் நாள்காட்டியை நம்பாதீர்கள், மழையை விசாரியுங்கள். தை, மாசி வறட்சியில் காப்பி மொட்டுகள் இலைக்கணுவில் பச்சை முனைகளாக உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலமாவது கோடைமழை இறங்கினால்தான் விழிக்கும். இதற்குத்தான் பூ மழை என்று பெயர். மழை பெய்து எட்டு, பத்து நாளில் மலைச்சரிவு முழுக்க ஒரே காலையில் வெளுக்கும். அதனால் போடியில் தெரிந்தவருக்குப் போன் போட்டு, “மழை எறங்கிருச்சாண்ணே?” என்று கேளுங்கள். அன்றிலிருந்து நாளை எண்ணுங்கள்.

விடியலில் போய்விட வேண்டும். மறுநாளே இதழ் சோரும். அதற்கடுத்த நாள் பழுப்பேறிக் கருகும்.

தோட்டத்தில் நுழைந்ததும் கண்ணை மூடி நில்லுங்கள். மதுரை மல்லிக்குப் பழகிய மூக்கு முதலில் மல்லிகை என்றே சொல்லும். கொஞ்சம் பொறுத்தால் எலுமிச்சைப் பூவின் குளிர்ச்சி அடியில் தெரியும். காப்பி வாசம் துளியும் இருக்காது. அது கொட்டையை வறுக்கும்போது பிறப்பது.

பிறகு கிட்டப் போய்ப் பாருங்கள். நாம் செடி என்கிறோம். உண்மையில் இது சிறுமரம். கவாத்து செய்யாமல் விட்டால் பதினைந்து அடிக்கு மேலும் போகும். பறிக்கக் கை எட்ட வேண்டும் என்பதற்காகவே இடுப்பளவு, தலையளவில் நிறுத்தியிருக்கிறார்கள். பூக்கள் கிளை நுனியில் வராது. பக்கவாட்டில் நீளும் கிளைகளில், இலை ஜோடி பிரியும் கணுதோறும் கொத்தாக உட்கார்ந்திருக்கும். தூரத்தில் பார்த்தால் கிளைக்குச் சரம் சுற்றியது போலிருக்கும். ஒரு பூவை உற்றுப் பாருங்கள்: மெல்லிய குழல், ஐந்து வெள்ளை இதழ். கீழே சமவெளியில் வரப்போரம் பூக்கும் மஞ்சணத்தி நினைவுக்கு வருகிறதா? வரத்தான் வேண்டும், இரண்டும் ஒரே குடும்பம். வீட்டு வாசல் இட்லிப்பூவும் அதே குடும்பந்தான்.

விரியாமல் பச்சை நட்சத்திரமாக விறைத்த பூக்களும் கண்ணில் படலாம். மழை போதாமலோ வெயில் கடுத்தோ போனதன் அடையாளம் அது, அவை காய்க்காது. தோட்டக்காரர் பூவைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் தேடுவார். அவர் கண்ணோடு பார்க்கப் பழகினால் ரசனை இன்னும் ஆழமாகும்.

காதையும் திறந்து வையுங்கள். அராபிகா வகைக் காப்பி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ரொபஸ்டா வகைக்கு வேறு செடியின் மகரந்தம் வேண்டும். எதுவானாலும் பூத்த காலையில் மலைத்தேனீயின் இரைச்சல் தோட்டத்தை நிறைத்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூக்கும் பருவமும் காட்டுத்தீப் பருவமும் ஒன்று. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேறப் போனவர்களின் உயிரைக் குடித்தது. வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். தோட்டத்துக்கும் உரிமையாளரிடம் கேட்டுவிட்டே போங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

பூவைப் பறிக்காதீர்கள். கிளையை அசைக்கவும் வேண்டாம். ஒரு பூ ஒரு பழம். ஒரு பழத்தில் இரண்டு கொட்டை. அராபிகாவில் அது பழுக்க எட்டு, ஒன்பது மாதம் பிடிக்கும். நீங்கள் குடிக்கும் ஒரு டம்ளர் காப்பிக்கு ஏறக்குறைய 70 கொட்டை வேண்டும், அதாவது 35 பூ.