‘காதுகள்’ புதினத்தில் இளிவரலும் பெருமிதமும்

எம். வி. வெங்கட்ராம் இயற்றிய ‘காதுகள்’ என்னும் புதினம் 1993ஆம் ஆண்டுச் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. பிறர் செவிக்கு எட்டாத குரல்களைக் கேட்டு அல்லலுறும் மகாலிங்கம் என்பான் இதன் தலைவன். ஆசிரியர் தம் பட்டறிவையே இதற்குக் கருவாகக் கொண்டார். இதனை மனச்சிதைவு நோயின் குறிப்பேடாகப் பயில்வாரும் உளர். தீய ஆற்றலுக்கும் முருகனருளுக்கும் இடையே நிகழும் போராகப் பயில்வாரும் உளர். இவை முற்றும் பிழை என்று யாம் கூறோம். ஆயின் இரு சாராரும் குரல்களை ஆய்ந்த அளவிற்கு, அவற்றைக் கேட்டுக்கொண்டே வாழ்பவனை ஆய்ந்திலர்.

நோய்க்குப் பெயர் சூட்டுதல் திறனாய்வாளர் பணியன்று. பெயர் செய்யும் தீங்கும் சிறிதன்று. பிளவுற்ற மனம் எனப் பொருள்படப் பிளாய்லர் 1908இல் ஆக்கிய சொல்லுக்கு நேராக வழங்கிய தம் மொழிப் பெயரை, இழிவு தருவதெனக் கருதி ஜப்பானியர் 2002இல் மாற்றினர். நம் ‘சிதைவு’ அதனினும் கொடிது. சிதைந்ததென்று கூறியபின் எஞ்சியது யாதென எவர் வினவுவர்?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பிணியை இளிவரலின்பாற் படுத்தார். தறுகண்மையைப் பெருமிதத்தின்பாற் படுத்தார். இப்புதினத்தின் அருமை, பிணியிற் பிறந்த இளிவரல் நீங்காதிருக்கவே அதனூடு பெருமிதம் தோன்றுவதாகும். குரல்கள் ஏசுகின்றன, நாவால் உரைக்கத் தகாதன கூறுகின்றன, வறுமையும் உடன் வாட்டுகிறது. எனினும் அவன் வழிபடுகிறான், குடும்பத்தைத் தாங்க முயல்கிறான். இத்துன்பத்தைப் பிறனொருவன் பெயரில் வைத்து, விலகி நின்று நோக்கி எழுதிய ஆசிரியர் செயலும் தறுகண்மையே என்பது எம் துணிபு. பெருமிதத்திற்கு நிலைக்களனாகத் தொல்காப்பியர் முதற்கண் வைத்தது கல்வி என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

உலக நலவாழ்வு நிறுவனம் வாழ்க்கைத்தரம் என்பதை, ஒருவர் தம் பண்பாட்டுச் சூழலில், தம் குறிக்கோள்களை ஒட்டித் தம் வாழ்நிலையைத் தாமே உணரும் உணர்வு என வரையறுத்துள்ளது. இவ்வரையறையை ஏற்பின், குரல்கள் ஒழிந்தனவா என்னும் வினா இரண்டாவதாகிவிடும். மாணவர் எம்மிடம் முதலில் வினவுவதோ அதுவே!

ஒன்று கூறாதொழிதல் நேர்மையாகாது. இப்பெருமிதத்தின் சுமையில் ஒரு பாதி அவன் மனைவியின் தோளில் ஏறியது. அவள் அக்குரல்களைக் கேட்டிலள். அவற்றின் விளைவையோ நாடோறும் கேட்டாள். அவள் நிலையில் நின்று இந்நூலை மீண்டும் பயிலுதல் வேண்டும்.