ஏட்டில் ஒரு கங்கா, திரையில் ஒரு கங்கா

நாவலாசிரியர் ஒருவர் திரைக்கதை எழுதப் புகுந்தால் அவர் எழுத்து வளருமா, தேயுமா என்னும் வினா, புதுமைப்பித்தன் காலந்தொட்டே தமிழில் உண்டு. திருப்பதியிலும் சித்தூரிலும் குடியமர்ந்த நமக்கு அது வீட்டு வினாவும் ஆகும். நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் தெலுங்கு பயில்கின்றனர். தமிழைச் செவியால் அறிவர், கண்ணால் அறியார். தமிழ்ப் புதினம் அவர்களை எட்டும் வழி பெரும்பாலும் திரைப்படமே.

1934இல் கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். பொதுவுடைமைக் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவர். தம் 'உன்னைப் போல் ஒருவன்' புதினத்தைத் தாமே இயக்கி 1965இல் திரைக்குக் கொணர்ந்தார். பாடல்கள் இல்லை. இசையமைத்தவர் காக்கிநாடா தந்த வீணைக் கலைஞர் சிட்டிபாபு. சேரிச் சிறுவன் சிட்டி, சித்தாள் வேலை செய்யும் தாய் தங்கம், அவள் வாழ்வில் நுழையும் கிளி சோதிடன் மாணிக்கம் ஆகியோரின் கதை அவர்கள் பேச்சிலேயே நடப்பது. ஆதலின் திரைக்கு வந்தும் அது எதையும் இழக்கவில்லை. அரசின் நற்சான்று கிடைத்தது, கொட்டகைகள்தாம் நிறையவில்லை.

'சில நேரங்களில் சில மனிதர்கள்' வேறு வகை. 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், கெடுக்கப்பட்ட மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ தூயவள் என்கிறாள் தாய். ஒரு குடம் நீருக்கு எத்தனை எதிர்ப்பு! அத்தாய் அவ்வாறு செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே புதினம். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படமாயிற்று. கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார்.

படத்தின் குறைகளுக்கு இயக்குநரைப் பழிப்பார் உளர். யான் உடன்படேன், திரைக்கதை ஆசிரியருடையதே. புதினத்தின் உயிர் கங்கா தனக்குத்தானே பேசிக்கொள்வதில் உள்ளது. தாயை வெறுத்துக்கொண்டே தாயோடு வாழ்வதும், வெங்கு மாமாவின் சபலத்தை அறிந்தும் அவர் தயவில் படித்து ஆளானதும், தன்னைத் தானே எள்ளிக்கொள்வதும் அம்முணுமுணுப்பில்தான் வருகின்றன. லட்சுமியின் முகம் துயரைக் காட்டிவிடுகிறது. எள்ளலை எந்த முகம் காட்டும்? படத்துக் கங்கா நம் இரக்கத்தைப் பெறுகிறாள். ஏட்டுக் கங்காவோ இரக்கத்தை ஏற்க மறுக்கிறாள். இழப்பு சிறிதன்று.

ஆயினும் அந்த முணுமுணுப்பு முழுவதும் வீட்டுப் பேச்சுத் தமிழில் அமைந்தது. படம் பார்த்த பிள்ளைக்குத் தாயோ பாட்டியோ அப்பக்கங்களை உரக்கப் படித்துக் காட்டலாம். எழுத்தறியாப் பிள்ளைக்கும் அது விளங்கும்.