யானையைக் கவிழ்த்துப் பாருங்கள்

கடையில் ஒரு விலங்கு பொம்மையைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக அதைக் கவிழ்த்துப் பாருங்கள். வயிற்றிலோ உள்தொடையிலோ பொடி எழுத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். பெரும்பாலும் ஆண்டும் இருக்கும். சிலவற்றில் இனத்தின் பெயரையே பொறித்திருப்பார்கள். 'யானை' என்று பொதுவாகப் போட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. 'ஆசிய யானை' என்று போட்டுவிட்டால் செய்தவர் வாக்குக் கொடுத்துவிட்டார் என்று பொருள். இனி அந்த வாக்கை நகம் நகமாகச் சரிபார்க்கலாம். அசல் போலவே செய்யப்படும் இந்தச் சிற்றுருவங்களைச் சேர்ப்பதில் உள்ள சுகம் முழுக்க அந்தச் சரிபார்ப்பில்தான் இருக்கிறது என்பேன். வாங்கி அடுக்குவது பணம் இருந்தால் நடந்துவிடும். உருவத்தை விலங்கோடு ஒப்பிடப் போகும்போதுதான், இத்தனை காலம் நாம் அந்த விலங்கைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது புரியும்.

யானையிலேயே தொடங்கலாம். கோயில் யானையிடம் ஆசி வாங்கி வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் அதன் முன்னங்காலில் எத்தனை நகம் என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. ஆசிய யானைக்கு முன்காலில் ஐந்து, பின்காலில் பெரும்பாலும் நான்கு. ஆப்பிரிக்கச் சவானா யானைக்கு வழக்கமாக முன்னால் நான்கு, பின்னால் மூன்று. அடுத்து தும்பிக்கையின் நுனியைப் பாருங்கள். ஆசிய யானைக்கு மேல்பக்கம் மட்டும் விரல் போல ஒரு முனை நீண்டிருக்கும். ஆப்பிரிக்க யானைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அதனால் அது இரண்டு முனையாலும் கிள்ளி எடுக்கும். நம் யானை பொருளைச் சுருட்டி அணைத்து எடுக்கும்.

பக்கவாட்டில் வைத்து முதுகுக் கோட்டைக் கவனியுங்கள். நம் யானையின் முதுகு மேல்நோக்கி வளையும், ஆப்பிரிக்க யானையின் முதுகு நடுவில் குழியும். இரண்டு மேடாகப் புடைத்த மத்தகம் நம் யானைக்கே உரியது. காதைப் பெரிதாக வைத்துவிட்டு மத்தகத்தையும் புடைக்கச் செய்து, இரண்டு கண்டத்து யானையையும் ஒரே உடம்பில் ஒட்டவைத்த உருவங்கள் மலிவான செட்டுகளில் நிறையவே உண்டு. இன்னொன்று, தாயும் குட்டியுமாக வரும் 'ஆசிய யானைக் குடும்பம்'. அதில் தாய்க்கு நீண்ட தந்தம் வைத்திருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் வெளியே நீளும். ஆசியப் பெண் யானைக்கு அப்படி நீளாது. ஆணிலேயே தந்தம் இல்லாத மக்னா உண்டு.

இவ்வளவையும் ஓர் உருவத்தில் தேடிப் பார்த்தவர் அடுத்த முறை கோயிலுக்குப் போனால் யானையின் காலடியில்தான் குனிவார்.

நகத்தை எண்ணிப் பழகியபின் நடைக்கு வாருங்கள். இந்தக் கலையில் கடினமானது இதுதான், அதனாலேயே ரசிக்க நிறைய இருக்கிறது. நாலுகால் பிராணி நடக்கும்போது கால்களுக்கு ஓர் அடிவரிசை உண்டு: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். பின்கால் முன்னே வந்து ஊன்றப் போகிறதென்றால், அதே பக்கத்து முன்கால் அந்த நேரத்தில் எழுந்து இடம் விட்டிருக்க வேண்டும். வீட்டு வாசலில் போகிற பசுவை ஐந்து நிமிடம் பார்த்தால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். எட்வர்ட் மைப்ரிட்ஜ் 1878-இல் கலிஃபோர்னியாவில் ஓடும் குதிரையை வரிசையாகப் படமெடுத்தார். பிறகு பல விலங்குகளின் நடையைப் படம்பிடித்து 1887-இல் வெளியிட்டார். அப்போதிருந்தே விவரம் உலகுக்குத் தெரியும். இருந்தும் 2009-இல் ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத்தும் சக ஆய்வாளர்களும் அருங்காட்சியக உருவங்கள், உடற்கூற்றுப் புத்தகங்கள், பொம்மைகள் என்று எல்லாவற்றையும் ஆராய்ந்தபோது, நடக்கும் விலங்குகளில் ஏறக்குறையப் பாதிக்குக் கால் தவறாக வைக்கப்பட்டிருந்தது. உடற்கூறு கற்பிக்கும் புத்தகங்களே தவறியிருந்தன என்றால் பொம்மைகளைக் குறை சொல்லி என்ன பயன்?

பொதுவாக நடக்கும் தவறு, குறுக்குக்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கிவிடுவது. அதாவது இடது முன்காலும் வலது பின்காலும் ஒன்றாக எழும். அது மெல்லோட்டத்தின் கால். தலை தாழ்த்தி நிதானமாகப் போகிற எருமைக்குப் பொருந்தாது. யானைக்கு இந்தத் தவறு இன்னும் மோசம். யானை எவ்வளவு விரைந்தாலும் நடையின் அடிவரிசையை மாற்றாது, நான்கு காலும் ஒரே நேரத்தில் நிலத்தைவிட்டு எழவும் எழாது. குறுக்குக்கால் தூக்கி ஓடும் யானை எந்தக் காட்டிலும் கிடையாது. ஒட்டகமும் ஒட்டகச்சிவிங்கியும் வேறு மாதிரி: ஒரு பக்கத்து இரண்டு காலையும் கிட்டத்தட்டச் சேர்த்தே வீசும். அவற்றில் அப்படி இருந்தால் சிற்பி கவனித்துச் செய்திருக்கிறார் என்று மெச்சலாம்.

அடுத்து உருவத்தின் கண்ணைப் பார்க்க ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். புலியின் கண்மணி வட்டம். வீட்டுப் பூனைக்குத்தான் கீற்று. புலிக்குக் கீற்று போட்டிருந்தால் பெயின்ட் அடித்தவர் வீட்டுப் பூனையைப் பார்த்து அடித்திருக்கிறார். ஆட்டுக்குக் கிடைமட்டக் கண்மணி. புலியைப் பின்பக்கம் திருப்பி, காதுமடலின் பின்னால் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா பாருங்கள். சிறுத்தையின் வட்டப்புள்ளிக்குள்ளே கறுப்புப் பொட்டுகள் இருந்தால் அது தென்னமெரிக்க ஜாகுவார். கங்கைப் பக்கத்து கரியால் முதலையின் மூக்கு நுனியில் பானை போல ஒரு புடைப்பு இருந்தால் அது வளர்ந்த ஆண். சென்னையில் இருப்பவர்கள் கரியால் உருவத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணைக்குப் போகலாம். ராமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய இடம் அது. உயிருள்ள கரியாலை அங்கே நின்று நிதானமாக ஒப்பிடலாம்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். தோள்வரை 2.8 மீட்டர் உயரமுள்ள யானையை 14 சென்டிமீட்டரில் செய்தால் அது இருபதில் ஒரு பங்கு. அதே கணக்கில் புலியின் தோள் உயரம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான் வரவேண்டும். காட்டுமாட்டுக் காளைக்கு 9. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், புலி ஏன் வளர்ந்த காளையை நெருங்க யோசிக்கும் என்பதை விளக்கவே வேண்டாம். தேவாங்குக்கோ ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் மிஞ்சும். அவ்வளவு சிறிதாகச் செய்தால் யார் வாங்குவார்? அதனால் நிறுவனங்கள் சின்னப் பிராணியைப் பெருக்கியும் பெரியதைச் சுருக்கியும் எல்லாவற்றையும் உள்ளங்கைக்குள் கொண்டுவந்துவிடுகின்றன. வணிகத்தில் அது நியாயம்தான். ஆனால் ஒரே அளவுக்கணக்கில் ஐந்தாறு உருவங்களையாவது தேடிச் சேர்த்து ஒரு தட்டில் நிறுத்துங்கள். எந்தப் புத்தகப் படமும் தராத அறிவை அந்தத் தட்டு தரும்.

இந்தப் பொழுதுபோக்குக்கு வரலாறும் உண்டு. லண்டனில் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893-இல் உள்கூடான ஈயப் போர்வீரர்களை வார்க்கத் தொடங்கியது. முதல் உலகப்போர் முடிந்து போர்ப் பொம்மைகளே வேண்டாம் என்று மக்கள் வெறுத்த காலத்தில் அது பண்ணை விலங்குகளுக்குத் திரும்பியது. பிறகு மிருகக்காட்சிசாலை விலங்குகளும் வந்தன. அந்தப் பழைய உருவங்கள் கிடைத்தால் கண்ணாடிக்குள் வையுங்கள், குழந்தைகள் கையில் தராதீர்கள், ஈயம் நஞ்சு. ஜெர்மனியின் ஷ்லைஷ் 1935-இல் தொடங்கியது. நீலக் குள்ளர்களான ஸ்மர்ஃப் பொம்மைகளால் பெயர் வாங்கியபின் 1980-களில்தான் அது அசல் விலங்குகளுக்கு வந்தது. இன்று நம் ஊர்ப் பெரிய பொம்மைக் கடைகளில் எளிதாகக் கண்ணில் படுவது அதுதான். பிரான்சின் பாப்போ உருவங்களில் தோல் மடிப்பும் தசையும் அழுத்தமாக இருக்கும். வேறு யாரும் தொடாத இனங்களைச் செய்வதில் கலெக்டா நிறுவனம் பெயர் பெற்றது. அமெரிக்காவின் சஃபாரி நிறுவனம் உயரமான ஒளிபுகும் குழாயில் ஒரு கைப்பிடி குட்டி உருவங்களைப் போட்டு விற்கிறது. தொடங்குபவருக்கு அது நல்ல வழி.

அதே சஃபாரி, பிட்ஸ்பர்க்கின் கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 1988 முதல் 2015 வரை டைனோசர்களை வெளியிட்டது. பழைய டைனோசர் உருவங்களை 'தப்பு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் டி. ரெக்ஸ், அது செய்யப்பட்ட காலத்தின் அறிவு. பின்னால் வந்தவை உடம்பைக் கிடைமட்டமாக்கி வாலைத் தூக்கின. மொராக்கோவில் கிடைத்த எலும்புகளை வைத்து 2020-இல் ஸ்பைனோசாரஸின் வால் துடுப்பு போல அகன்றது என்று தெரியவந்ததும், ஒல்லி வால் வைத்த உருவங்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன. உயிரோடிருக்கும் விலங்குகளிலும் இது நடக்கும். ஆப்பிரிக்கச் சவானா யானையையும் காட்டு யானையையும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021-இல் தனித்தனி இனங்களாக மதிப்பிட்டது. காட்டு யானைக்குத் தந்தம் நேராகக் கீழ்நோக்கி இருக்கும், காது வட்டமாக இருக்கும், நகமோ நம் யானையைப் போல ஐந்தும் நான்கும். பழைய பெட்டியில் கிடக்கும் 'ஆப்பிரிக்க யானை'யை எடுத்து நகத்தை எண்ணிப் பாருங்கள், எந்த யானை என்று தெரிந்துவிடும். உருவம் எந்தக் காலத்து அறிவில் செய்யப்பட்டது என்று அறியத்தான் வயிற்றில் பொறித்த ஆண்டு உதவுகிறது.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக. நல்ல உருவம் ஒன்று சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்: பூனை இனங்கள், காண்டாமிருகங்கள், குரங்குகள் என்று ஏதாவது ஒன்று. ஒன்றுக்கொன்று நெருங்கிய இனங்களைப் பக்கத்தில் வைத்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். இவை பெரும்பாலும் மென்மையாக்கப்பட்ட பி.வி.சி. நம் வெயிலுக்கு அது பிசுபிசுக்கும், நிறமும் மங்கும், ஜன்னலோரம் வைக்காதீர்கள். தெர்மாகோல் மேல் நிறுத்தவே கூடாது, பி.வி.சி.யில் உள்ள மென்மையாக்கி கசிந்து தெர்மாகோலை அரித்துவிடும். பெட்டியில் அழுந்திக் கால் வளைந்திருந்தால் வெந்நீரில் சற்று முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடியுங்கள், நிமிர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஜப்பானில் நடந்தது. ஒசாகாவில் 1964-இல் சின்ன மாடல் கடையாகத் தொடங்கிய கையோடோ என்ற நிறுவனம், 1999-இல் ஃபுருடா மிட்டாய் நிறுவனத்தோடு சேர்ந்து சாக்லேட் முட்டைக்குள் விலங்குகளை வைத்தது. மலிவான மிட்டாய்க்கு இலவசமாக வரும் பொருள்தானே என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. மத்சுமுரா ஷினோபு என்ற சிற்பி செதுக்கிய அந்த உருவங்கள் கட்டைவிரல் அளவே இருந்தாலும் இனம் பிசகாமல் இருந்தன. சிங்கம், புலிக்குப் போகாமல் ஜப்பானின் சொந்தப் பிராணிகளையே வரிசையாகச் செய்தார்கள். ஊர்ப்புறத்தில் திரியும் தனுகி என்ற நாய்க் குடும்பத்துப் பிராணியும் அதில் உண்டு. குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். தங்கள் ஊர்ப் பிராணிகளின் பெயரைச் சாக்லேட் முட்டையிலிருந்து கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று அங்கே உண்டு.

நம் பக்கம் அப்படி ஒரு வரிசை வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். கீரி, உடும்பு, அழுங்கு, மரநாய், குறுநரி, வெளிமான். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022-இல் தேவாங்குக்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்த மாநிலம் நம் தமிழ்நாடு. வாலில்லாத அந்தச் சின்ன உடம்பையும், கிளையைப் பற்ற வசதியாகக் குறுகிப்போன ஆட்காட்டி விரலையும் ஒரு நல்ல சிற்பி செய்து தந்தால் எப்படியிருக்கும்!

அதுவரை நாமே செய்துகொள்ளலாம். கிடைக்காத இனத்தைக் கிடைத்த உருவத்திலிருந்து மாற்றிச் செய்வது உலகெங்கும் சேகரிப்பாளர்களின் வழக்கம். நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு, கடையில் கிடைக்கும் ஐபெக்ஸ் என்ற மலையாட்டின் உருவம் ஒன்றை எடுங்கள். தாடியைக் கத்தியால் சீவிவிடுங்கள். வரையாட்டுக்குத் தாடி கிடையாது. ஐபெக்ஸின் கொம்பு ஒரு மீட்டர்வரை போகும், வரையாட்டுக் கிடாவுக்கு சுமார் 40 சென்டிமீட்டர்தான். கணக்குப் போட்டு வெட்டி, எம்-சீலால் பின்னோக்கி வளைத்துக் கட்டுங்கள். பிடரியில் குட்டையான, விறைப்பான மயிருக்கும் அதே எம்-சீல் போதும். சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போனபின் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சாக அடியுங்கள். கிடாவென்றால் கரும்பழுப்பு உடம்பு, முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு. பெட்டைக்குச் சாம்பல் கலந்த பழுப்பு மட்டும் போதும், சேணம் வேண்டாம். வயிற்றில் இனத்தின் பெயரையும் செய்த ஆண்டையும் ஊசியால் கீறி எழுதிவிடுங்கள்.