பையின் முதுகு

சில வருஷங்களுக்கு முன்பு துர்க்மெனியப் பெண்கள் நெய்த கம்பளிப் பைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். படித்தவர்கள் பலர் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது சங்கடமாக இருப்பதும் அதனால்தான். அதில் நான் அடித்துச் சொன்ன முக்கியமான விஷயம் சரியல்ல என்று இன்று நினைக்கிறேன். அதைத் திருத்துவதோடு, கதை எழுதுகிற ஒருவன் அந்தத் தவறில் ஏன் அவ்வளவு சுலபமாக விழுந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் பை எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே, காரகும் பாலைவனத்தைச் சுற்றி, தெக்கே, யோமுத், சாலோர், சாரிக், எர்சாரி என்று பல குலங்களாக வாழ்ந்தவர்கள் துர்க்மெனியர். ஆடும் ஒட்டகமும் வைத்துக்கொண்டு இடம் மாறிக்கொண்டிருந்தவர்களுக்கு மரப்பீரோ உதவாது. பிரம்புத் தட்டி மாதிரி விரிந்து மடங்கும் மரச் சட்டங்களை வட்டமாக நிறுத்தி, அதன்மேல் கம்பளி மயிரை அழுத்திச் செய்த கனத்த போர்வைகளைப் போர்த்தினால் வீடு. உள்ளே அந்தச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கும் பைகளே பீரோ. பெரிய பைக்குச் சுவால் என்று பெயர்: சுமார் 4 அடி அகலம், 2½ அடி உயரம். அகலமாகவும் உயரம் குறைந்தும் இருப்பது தோர்பா. வீட்டைப் பிரித்துப் புறப்படும் நாளில் பையை ஒட்டகத்தின் விலாவில் கட்டிவிடுவார்கள். அதனாலேயே பெரும்பாலும் ஜோடியாக நெய்வது வழக்கம்.

தரையில் முளை அடித்துக் கிடைமட்டமாகக் கட்டிய தறி. பாவும் கம்பளி, ஊடும் கம்பளி. முன்பக்கத்துக்கு முடிச்சு முடிச்சாகப் போட்டு, முடிந்த இடத்திலிருந்து அதே பாவில் முடிச்சில்லாத சாதாரண நெசவாகத் தொடர்ந்து நெய்வார்கள். பிறகு இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தைத்தால் பை ஆகிவிடும். முகம் அலங்காரம், முதுகு வெறும் துணி. வேரிலிருந்து எடுத்த ஆழ்ந்த சிவப்பு பின்புலம். அதில் வரிசை வரிசையாக எட்டுப் பட்டை வடிவங்கள். அந்த வடிவத்துக்குக் குல் என்று பெயர். பாரசீகத்தில் குல் என்றால் பூ. காகிதத்தில் வரைந்த மாதிரி எதுவும் கிடையாது. அம்மாவின் பையைப் பார்த்துப் பெண் கற்றுக்கொள்வாள். கல்யாணத்துக்கு வேண்டியதைத் தானே நெய்து எடுத்துப் போவாள்.

இனி என் தவறு. சோவியத் ஆராய்ச்சியாளரான வாலண்டினா மோஷ்கோவா என்ற அம்மையார் 1929 முதல் மத்திய ஆசியாவில் ஊர் ஊராகச் சென்று, நெய்யும் பெண்களிடமே கேட்டுக் குறிப்பெடுத்தவர். 1946ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் சாரம் இது: பெரிய விரிப்புகளின் நடுவில் வரும் முக்கிய வடிவம் வெறும் பூவல்ல, குலத்தின் சின்னம். அதைக் கோல் என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு குலம் சுதந்திரமாக இருக்கும் வரை அதன் கோல் உயிரோடு இருக்கும். தோற்று இன்னொரு குலத்துக்கு அடங்கினால், விரிப்பில் ஜெயித்தவர்களின் கோலைத்தான் நெய்ய வேண்டும். தோற்றவர்களின் கோல் செத்துவிடும். அதன் பிறகு அது பைகளிலும் சில்லறைச் சாமான்களிலும்தான் தலைகாட்டும்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1832ல் ஈரானியப் படை சரக்ஸில் சாலோர்களை முறியடித்தது சரித்திரம். அந்தச் சாலோர்களின் பெயரால் வழங்கும் குல், தெக்கே, சாரிக் பெண்களின் பைகளிலும் வருகிறது. நாடு போயிற்று, சின்னம் பைக்குப் போயிற்று! நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பைகளைத் தோற்றவர்களின் கல்லறை என்று எழுதினேன். குல் என்ற பூவைக் குலம் ஆக்கிவிட்டோம் என்பது அப்போது புத்தியில் படவில்லை.

என்னை உறுத்த ஆரம்பித்தது ஒரு நண்பர் வீட்டில். அவர் வாங்கிய சுவால் ஒன்றைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று குல். அடியில் ஒரு பட்டை. அதில் சின்னச் செடிகள். என் கட்டுரையை நினைத்துக்கொண்டு கம்பீரமாக விளக்கம் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் சட்டத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். பின்னால் முடிச்சுகள் அரிசி மணிகள் மாதிரி நெருங்கிக் கிடந்தன. அடி ஓரத்தில் பாவு நூல்கள் கத்தரியால் வெட்டுப்பட்டிருந்தன. முதுகு இல்லை. அது பையே அல்ல, பையின் முகம் மட்டும்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். படிக்கப் படிக்க என் கதை தளர்ந்தது. சாலோர் குல் என்று நாம் சொல்லும் வடிவத்தைச் சாலோர்ப் பெண்களே தங்கள் பழைய பைகளில்தான் முக்கியமாக நெய்திருக்கிறார்கள்; அவர்களுடைய பெரிய விரிப்புக்கு வேறு குல். தோற்ற பிறகு அது பைக்கு இறங்கியது என்றால், ஆரம்பத்திலேயே பையில் ஏன் இருந்தது? குலத்துக்கு ஒரு சின்னம் என்பதும் நிற்கவில்லை. தாவுக் நுஸ்கா என்ற வடிவம் யோமுத், அரபாச்சி, எர்சாரி விரிப்புகளில் எல்லாம் வருகிறது. சுவால் குல் எல்லாருக்கும் பொது.

அப்படியானால் எந்தப் பையை யார் நெய்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதுகுப்புறம் திருப்பித்தான். வடிவத்தைப் பார்த்துக் காப்பியடிக்கலாம். கை பழகிய முடிச்சு அவ்வளவு சுலபமாக மாறாது. சாரிக் பெண்களின் முடிச்சு இரண்டு பாவு நூலையும் சமமாகச் சுற்றும். தெக்கே முடிச்சு ஒரு பக்கமாக வலப்புறம் திறந்திருக்கும். சாலோர் முடிச்சு இடப்புறம். 1980ல் வாஷிங்டன் ஜவுளி மியூஸியம் நடத்திய துர்க்மெனியக் கண்காட்சிக்காக லூயிஸ் மாக்கியும் ஜான் தாம்ஸனும் தொகுத்த புத்தகம், வடிவத்தோடு இந்த நெசவுக் கட்டுமானத்துக்கும் முக்கிய இடம் கொடுத்தது.

மோஷ்கோவாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் மறைந்த பிறகு 1970ல் தாஷ்கண்டில் வெளிவந்த அவருடைய பெரிய புத்தகம் இல்லாவிட்டால் நமக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்காது. பெண்களிடம் கேட்டு எழுத வேண்டும் என்ற மரியாதை அவருக்கு இருந்தது. அவர் ஓர் ஊகம் சொன்னார். அதற்குக் கண்ணீர் சேர்த்தவன் நான்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பையில் வந்தால் தாழ்வு என்று கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டேனே, அது. கூடாரத்துக்குள் சற்று உட்கார்ந்து பார்த்திருந்தால் இது தோன்றியிருக்காது. விரிப்பை மிதிக்கிறார்கள். பை கண்ணுக்கு நேரே தொங்குகிறது. வருகிற விருந்தாளி மருமகளின் கைத்திறனை எடை போடுவது அதைப் பார்த்துத்தான். விரிப்பைவிட நெருக்கமான முடிச்சும், நடுநடுவே பட்டு நூலும் பைகளில் வருவது சாதாரணம். பெண்கள் அந்த வடிவங்களுக்கு வைத்த பெயர்களையும் பாருங்கள். ஒன்று ஆய்னா, அதாவது கண்ணாடி. ஒன்று செம்சே, கரண்டி. இன்னொன்று திர்னாக், நகம். கையெட்டும் தூரத்தில் இருந்த சாமான்கள்! இதற்குள் நான் படையையும் கொடியையும் தேடிக்கொண்டிருந்தேன்.

தோல்வி என்று ஒன்று உண்மையில் இருந்தது. ஆனால் அது குல்லின் வடிவத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. 1881 ஜனவரியில் ரஷ்யப் படை கியோக் தெபேக் கோட்டையைப் பிடித்தது. 1880களில் ரயில் அஷ்காபாத், மெர்வ் வழியாக ஸாமர்கண்ட் வரை போயிற்று. ரயிலோடு வியாபாரியும், செயற்கைச் சாயமும் வந்தன. துர்க்மெனிய நெசவு முழுவதும் வெளியூர்க் கடைகளில் பொக்காராக் கம்பளம் என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டது. ஐரோப்பியக் கூடங்களுக்குப் பை வேண்டியிருக்கவில்லை. சுவரில் மாட்டவும் தலையணைக்கும் முகம் போதும். முதுகை வெட்டிப் போட்டார்கள். இன்று பழைய பைகளில் முழுசாகக் கிடைப்பவை குறைவு. எந்தச் சுல்தானும் செய்யாததைக் கத்தரிக்கோல் செய்தது. அடையாளம் வேண்டும் என்பதற்காக வடிவத்தை உபயோகத்திலிருந்து வெட்டியெடுத்த என் கட்டுரையும் அந்தக் கத்தரிக்கோலின் ஜாதிதான்.

வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். சோவியத் யூனியன் கலைந்த பிறகு, 1992ல் துர்க்மெனிஸ்தான் ஏற்றுக்கொண்ட தேசியக் கொடியில் ஒரு செங்குத்துப் பட்டையில் ஐந்து குல்கள் இருக்கின்றன. பழைய காலத்தில் சின்னமோ இல்லையோ, இப்போது நிஜமாகவே சின்னமாகிவிட்டது. 2019ல் யுனெஸ்கோவும் அந்நாட்டுக் கம்பளக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். ஆனால் கொடிக்கு முதுகு கிடையாது. அதில் எதையும் போட்டு வைக்க முடியாது.

நாவல் படிக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம், இந்த ஆலமரம் எதன் குறியீடு, அந்தக் கிணறு எதைக் குறிக்கிறது என்று கேட்பதுண்டு. அது தண்ணீர் இறைக்கிற கிணறு என்றால் ஏமாந்துபோகிறார்கள். அவர்களிடம் எரிச்சல்பட எனக்கு இனி உரிமை இல்லை.

நண்பர் வீட்டுச் சுவாலை மறுபடியும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கடைசி வரிசை குல்கள் மற்றவற்றைவிடச் சற்று உயரமாக இருக்கின்றன. ஊடை அடித்த கை தளர்ந்திருக்க வேண்டும். அடிப்பட்டையில் எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி இருக்க, ஓரத்தில் ஒன்றுக்கு மட்டும் நீலப் பூ. சிவப்பு நூல் தீர்ந்துபோயிற்றா, ஆசைப்பட்டுப் போட்டாளா என்று யோசித்தேன். கதை கட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தப் பழைய கட்டுரையை, என் கட்டுரைகள் புத்தகமாக வரும்போது, சேர்க்கப்போவதில்லை.